ரதி வேடம் யாருக்கு? தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கும் ஆசிரியைக்கு ஒரு பதில்

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதிலளிக்கிறேன். அவரையும் பிள்ளைகளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. இருபத்தேழு வயதான இந்த ஆசிரியை, இரண்டு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறு பிற்பகல்களில் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டு, ஆட்டம், சிறு நாடகம் ஆகியவற்றைச் சம்பளம் எதுவுமின்றிக் கற்பித்து வருகிறார். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். வருகிற மாசியில் மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்றித் தரும்படி கோயில் கமிட்டி கேட்டது. பாட்டும் அடவும் பழக்குவதற்காக, எழுபது வயதைத் தாண்டிய கூத்து மாஸ்டர் ஒருவர் வந்து உதவுகிறார். அன்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிரச்சினைகள். மாஸ்டர் பிரம்போடு பழக்குகிறார். கெண்டைக்காலில் அடிபட்ட ஒன்பது வயதுப் பையன் அந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, அதன் பிறகு வகுப்பின் பக்கமே வரவில்லை. மன்மதனின் மனைவியான ரதியின் வேடத்தைத் தன் மகளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தோட்டத் தலைவர் ஆசிரியையின் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார். ஆனால் ரதியின் பாட்டுகளை எல்லோரையும் விட நன்றாகப் பாடுபவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுக்குப் பேச்சு திக்கும். தப்பு என்னும் பறையை அடிக்க ஆசைப்பட்ட பன்னிரண்டு வயது மகனைத் தகப்பன் இழுத்துக்கொண்டு போய்விட்டார். போதாக்குறைக்கு, உடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு அன்பர் ஒருவர், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும் காணொளிகளை வாரந்தோறும் அனுப்பும்படி கேட்கிறார். "தலைவரின் மகளுக்கே ரதி வேடத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமா, அல்லது நானே விலகிவிடுவது நல்லதா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது ஒரு வேடத்தைப் பற்றி. கடிதத்தை இரண்டு முறை வாசித்த பின் எனக்குத் தோன்றியது வேறு. கோயில் கமிட்டி, மாஸ்டர், தலைவர், தகப்பன்மார், வெளிநாட்டு அன்பர் என்று ஐந்து தரப்பாருக்கு இந்த நிகழ்ச்சியிலிருந்து ஏதோவொன்று தேவைப்படுகிறது. அந்த ஐந்து தேவைகளுக்கும் ஈடுகொடுக்க முயன்று நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு என்ன தேவை என்ற கேள்வி இதற்குள் கீழே அமுங்கிவிட்டது. உங்கள் ஒவ்வொரு சிக்கலையும் அந்தக் கேள்வியிலிருந்து பார்த்தே பதில் சொல்ல விரும்புகிறேன். நான் உளவளத்துணையாளர், சட்டத்தரணி அல்லர். ஆனாலும் பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் அறிந்திருக்க வேண்டிய சில சட்ட விடயங்களையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "நான் சம்பளம் வாங்குவதில்லை, பதிவு செய்த அமைப்பும் இல்லை, அதனால் எனக்கென்று பெரிய பொறுப்பு இல்லை" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியன்று. கொழுந்து பறித்துக் களைத்து வந்த ஒரு தாய் தன் பிள்ளையை உங்கள் வாசிகசாலைக்கு அனுப்பிவைக்கும் அந்த இரண்டு மணிநேரமும் அந்தப் பிள்ளை உங்கள் பராமரிப்பில்தான் இருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரும் சிறுவரே. தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தமது பொறுப்பிலோ பராமரிப்பிலோ உள்ள சிறுவரை வேண்டுமென்றே தாக்குவதையும் துன்புறுத்துவதையும் புறக்கணிப்பதையும் குற்றமாக்குகிறது. தாய் தகப்பன், ஆசிரியர், தொண்டர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, பொறுப்பு இருப்பதால்தான் உண்டு என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மாஸ்டரும் பிரம்பும்

ரதி வேடத்தை விட அவசரமான விடயம் இதுதான். அடிபட்ட பையனைப் பற்றி இரண்டு வரி மட்டும் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை அந்த இரண்டு வரிகளே. அவன் வராமல் இருப்பது அடியின் வலியால் மட்டுமன்று. இருபத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அரைக்காற்சட்டை நனைந்து நின்ற வெட்கம்தான் அவனைத் தடுக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வெட்கம் அடியை விடப் பல மடங்கு பெரியது. இந்த வாரமே அவனுடைய லயத்துக்கு, அதாவது அவன் குடும்பம் இருக்கும் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போங்கள். தனியாகப் போகாமல், அவன் தாய் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்க வேண்டாம். "உன்னை அடித்தது பிழை. அது இனி நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம், வராவிட்டாலும் கோபம் இல்லை" என்று அவனுக்கு நேராகச் சொல்லுங்கள். நனைந்ததைப் பற்றி அவன் பேசாதவரை நீங்களும் பேச வேண்டாம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்களா என்று பார்த்து, செய்திருந்தால் அவன் திரும்பி வருவதற்கு முன்பே அதை நிறுத்துங்கள்.

"அடி இல்லாமல் கலை வராது என்று பெற்றோரே சொல்கிறார்கள்" என எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அப்படி அடி வாங்கித்தான் வளர்ந்தார்கள். மாஸ்டரும் அப்படித்தான் கற்றிருப்பார். ஆனால் பயந்த பிள்ளையின் கவனம் பிரம்பிருக்கும் கையில்தான் நிற்கும், தாளத்தில் நிற்காது. அடிக்கு அஞ்சிச் சரியாக வைத்த அடவு, மாஸ்டர் மறுபுறம் திரும்பியதும் குலைந்து போவதை நீங்களே கண்டிருப்பீர்கள். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் சொல்கிறது. பாடசாலையில் மாணவர் ஒருவருக்கு விழுந்த அடி அவரது அடிப்படை உரிமையை மீறியது என்று 2021இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உங்கள் வாசிகசாலை பாடசாலை இல்லைதான். ஆனால் பாடசாலையில் கூடாத ஒன்று, பிள்ளைகள் விருப்பத்தோடு ஓடி வரும் இடத்தில் எப்படிக் கூடும்?

அதற்காக மாஸ்டரை அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏட்டில் இல்லாமல் நெஞ்சில் மட்டும் பாட்டுகளை வைத்திருக்கும் இத்தகைய பெரியவர்கள் மலையகத்தில் குறைந்து வருகிறார்கள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்று கூத்துகளும் நம் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது அவரைப் போன்றவர்களால்தான். அவரிடமிருந்து பிரம்பைப் பிரித்தெடுங்கள், அறிவைப் பிரித்துவிடாதீர்கள். நடைமுறையில் இதைச் செய்யக்கூடிய ஒரு வழி உண்டு: தாளத்தை அவர் கையில் கொடுங்கள். இரு கைகளும் தாளத்தில் இருக்கும்போது பிரம்புக்குக் கை இருக்காது. அத்தோடு, வகுப்பின் வேகத்தைத் தீர்மானிப்பவராக அவரது மரியாதையும் கூடும். அவர் ஒரு வரி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட, நீங்கள் அதைப் பாட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். அடவு பிழைத்த பிள்ளையைத் திருத்தும் வேலை உங்களுடையது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

இதை அவரிடம் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், தேநீர் குடித்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள்: "தாத்தா, இந்தப் பாட்டெல்லாம் ஒங்களுக்கு அப்பறம் இந்தப் புள்ளைங்ககிட்டதான் இருக்கப் போகுது. அவங்க பயந்து ஓடிட்டா யார்கிட்ட குடுப்பீங்க? கம்பு மட்டும் வேணாம் தாத்தா, மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்." அவர் முதலில் முகம் சுளிக்கக்கூடும், இரண்டு வாரம் வராமலும் இருக்கக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பேசிய பிறகும் பிரம்பு திரும்பி வந்தால், அவர் இல்லாமல் நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் தயங்க வேண்டாம்.

திக்கிப் பேசும் சிறுமி

அவளைப் பின்பாட்டு வரிசையின் கடைசியில் நிறுத்தியிருப்பதாகவும், "மேடையில் திக்கினால் ஊரே சிரிக்கும், அந்த அவமானம் அவளுக்கு வேண்டாம்" என்பதே காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதின் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரக்கம் அவளைக் கேட்காமலே அவளுக்காக ஒரு முடிவை எடுத்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தான் திக்குவது தெரியும். பிறர் சிரிப்பதும் தெரியும். தன் குரலே எல்லோரையும் விட நன்றாக இருக்க, தான் ஏன் கடைசியில் நிற்கிறேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் பாடும்போது ஒரு சொல்கூடத் தடங்குவதில்லை என்று வியந்து எழுதியிருக்கிறீர்கள். திக்கிப் பேசுபவர்களில் பெரும்பாலானோர் பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும், தாளத்துக்கு ஏற்பப் பேசும்போதும் தடையின்றிச் சொல்வார்கள். இது நன்கு அறியப்பட்ட ஒன்று. கூத்தில் பேச்சை விடப் பாட்டே அதிகம். ஆகவே இந்தக் கலை வடிவம் அவளுக்கு இயல்பாகவே வாய்ப்பானது. ஆனால் இதிலிருந்து மறுமுனைக்கும் போய்விட வேண்டாம். "ரதி வேடம் போட்டால் திக்கு போய்விடும்" என்று அவளிடமோ அவள் தாயிடமோ சொல்லாதீர்கள். பாட்டில் வரும் சரளம் மறுநாள் கடைக்குப் போய்ச் சாமான் கேட்கும்போது வராமல் போகலாம். அப்போது அவள் தன்னையே குற்றம் சொல்வாள். திக்கு என்பது பயந்த சுபாவத்தாலோ வளர்ப்புப் பிழையாலோ வருவதன்று. திட்டினாலும் ஊக்கினாலும் அது போய்விடாது. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். உங்கள் ஊர் வைத்தியசாலையில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதைத் தாய்க்குச் சொல்லுங்கள்; முதற் பயணத்துக்குக் கூடப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. அவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அந்தச் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். "மெதுவாகச் சொல், மூச்சை இழுத்துச் சொல்" என்றும் சொல்லாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். மற்றப் பிள்ளைகளும் உங்களைப் பார்த்து அப்படியே காத்திருக்கப் பழகுவார்கள். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, எந்தப் பகுதி உனக்குப் பிடிக்கும், மேடையில் பேச்சுப் பகுதி வந்தால் தனியாகச் சொல்ல விருப்பமா, தோழிமாரோடு சேர்ந்து சொல்ல விருப்பமா, அல்லது பாட்டு மட்டும் போதுமா என்று கேளுங்கள். அவள் வேடமே வேண்டாம் என்றாலும் அதை மதியுங்கள். இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லச் சிறுவருக்கு உரிமை உண்டு என்கிறது. 31ஆம் உறுப்புரை விளையாட்டிலும் கலையிலும் பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. இவை ஏதோ தூரத்து மாநாட்டு வாசகங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் வாசிகசாலைச் சுவரோரம் கடைசியில் நிற்கும் அந்தச் சிறுமிக்கும் அவை பொருந்தும்.

தலைவரின் மகள்

தலைவருக்கு இணங்கிப் போனால் பிரச்சினை தீராது. அடுத்த ஆண்டு இன்னொருவர் ஆள் அனுப்புவார். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று: பதின்மூன்று வயதான அந்தப் பெண்பிள்ளையை எல்லா இடத்திலும் "தலைவரின் மகள்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் எப்படி ஆடுகிறாள், எதை விரும்புகிறாள், வகுப்பில் யாரோடு சேருகிறாள் என்பது பற்றி ஒரு வரி இல்லை. தகப்பனின் அதிகாரத்துக்கு அவள் காரணமன்று. வேடத்தை அவளுக்குக் கொடுத்தால் "அப்பாவால் கிடைத்தது" என்ற பேச்சு அவள் மேல் விழும். கொடுக்காமல் விட்டால் வீட்டில் அவளுக்குத்தான் முகம் காட்டுவார்கள். இரண்டு விதத்திலும் அவளுக்கே நட்டம். அவளிடமும் மற்றப் பிள்ளைகளிடம் கேட்பதைப் போலவே கேளுங்கள். அவளுக்கு ரதியே பிடிக்காமல், தூதனாக வர ஆசை இருக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் வளர்த்த சிறுவர் அரங்கில், ஒரு கதாநாயகனைச் சுற்றி மற்றவர்கள் நிற்பதை விட எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடி, ஆடி, கதையை நகர்த்துவதே முக்கியமாக இருந்தது. நீங்களும் அந்த வழியில் செய்யலாம். முதல் ஐந்தாறு வாரங்கள் யாருக்கும் வேடம் ஒதுக்காதீர்கள். ரதியின் பாட்டு, மன்மதனின் பாட்டு, தூதனின் வருகை என எல்லாவற்றையும் எல்லோரும் பழகட்டும். அதன் பின் ரதியை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்: திருமணக் கோலத்தில் ஒருத்தி, மன்மதனைப் போக வேண்டாம் என்று தடுக்கும் இடத்தில் ஒருத்தி, அவன் எரிந்த பின் புலம்பும் இடத்தில் ஒருத்தி. ஒரே சேலைத் தலைப்போ ஒரே மாலையோ கைமாறினால் பார்ப்பவர்களுக்குக் கதை குழம்பாது. ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வந்தாலும் நிகழ்ச்சி நிற்காது. பிள்ளைகளுக்குச் சுமையும் குறையும்.

இந்த முறையை முடிவு செய்த பிறகு தலைவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர் கூட இருப்பது நல்லது. அவருடைய மகள் இந்த ஆட்டத்தில் என்ன செய்கிறாள் என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள். தன் பிள்ளையைக் கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

கூத்தை மாற்றலாமா?

"சுருக்கினாலோ பெண்பிள்ளைகளை ஆடவிட்டாலோ தெய்வக் குற்றம் என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மாசியில் கம்பம் ஊன்றி, விரதமிருந்து, காமனை எரித்து முடிக்கும் வழிபாடு ஒன்று. அதில் ரதியாக வருபவரும் ஆணாக இருப்பதே வழக்கம். அது பெரியவர்களின் நேர்த்தி. அதை அவர்களே நடத்தட்டும், பிள்ளைகளை அதற்குள் இழுக்க வேண்டாம். அதே கதையைப் பிள்ளைகள் மாலை வேளையில் மேடையில் ஆடிக் காட்டுவது வேறு. நம் மலைநாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி, மாணவ மாணவியரைக் கொண்டு மேடையேற்றினார். கூத்து அதனால் அழியவில்லை. படித்தவர்களும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் மேடைக்கு நாற்பது நிமிடம் போதும். இரவு எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மாசிப் பனியில் ஆறு வயதுப் பிள்ளையை நள்ளிரவு வரை விழித்திருக்க வைக்கக் கூடாது. நெருப்பு வேண்டவே வேண்டாம். வாடகைக்கு வரும் பளபளப்பான உடைகள் பெரும்பாலும் நைலோன், பொலியெஸ்டர் துணிகள். தீப்பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எரியும் காட்சிக்குச் சிவப்புத் துணியை விரித்து ஆட்டினால் போதும். ரதியின் புலம்பல் சில பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டுச் சாவை நினைவுபடுத்தக்கூடும். அண்மையில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை உங்கள் குழுவில் இருந்தால் அந்தப் பகுதியை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பழகும்போதும் கவனமாகப் பாருங்கள். முகத்தில் பூசும் பொடியை முதல் நாளே முன்கையில் சிறிது பூசிப் பார்த்து, சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். குரல் கம்மிய பிள்ளையை உரக்கப் பாட வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரமாகியும் தொண்டைக் கம்மல் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தப்பு அடிக்க விடாத தகப்பன்

தகப்பன் சொன்ன காரணத்தை நீங்கள் மறைத்து எழுதினாலும் நம் எல்லோருக்கும் அது தெரியும். தப்பு ஒரு குறிப்பிட்ட சாதியாரின் வேலை என்ற எண்ணம் கடல் கடந்து நம்மோடு வந்தது. இன்றும் லயத்துக்கு லயம் அது இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு) ஆட்களைக் கூப்பிட்டதும், திருவிழாவில் முன்னே போனதும், சாவு வீட்டில் கடைசிவரை நின்றதும் அதே தப்புதான். அந்த ஒலிக்கு எல்லோரும் ஆடலாம், அடிப்பவன் மட்டும் தாழ்ந்தவன் என்பது பெரிய அநியாயம். நான் இதை அழுத்தமாகவே நம்புகிறேன்.

ஆனாலும் அந்தப் பையனை உங்கள் போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். அவன் ஒளிந்து வந்து அடிக்கட்டும் என்று விட்டால், அகப்படும் நாளில் அடி வாங்கப் போவது அவன்தான். மாறாக, தப்பை எந்த ஒரு பிள்ளைக்கும் உரியதாக்காமல் வகுப்பின் பொதுப் பயிற்சியாக்குங்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும், தலைவரின் மகள் உட்பட எல்லோரும் முறைவைத்து இரண்டு நிமிடம் அடிக்கட்டும். வழக்கமாகத் தப்பு அடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி, ஆட்டத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும் பிழை உங்கள் குழுவிலும் நடக்கிறதா என்று பாருங்கள்; கடிதத்திலிருந்து எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. தகப்பனிடம் வாதாட வேண்டாம். பையன் ஆட்டத்துக்காவது வரட்டும் என்று கேளுங்கள். அவன் வகுப்பில் இருப்பதே முக்கியம்.

காணொளியும் பணமும்

இதில் என் பதில் நேரானது: அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை கேமராவுக்கு முன் நின்று "எங்கள் அப்பா குடிப்பார், எங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்று சொன்ன காணொளி ஒருமுறை முகநூலில் ஏறிவிட்டால், பத்து ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு வேலை கொடுப்பவரும் பெண் பார்க்க வருபவரும் அதைப் பார்க்கலாம். முகம், பெயர், பாடசாலை, தோட்டம் நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் கெட்ட எண்ணமுள்ள ஒருவருக்கு அந்தப் பிள்ளையைத் தேடி வருவதும் எளிது. அன்பரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். பிள்ளைகளோடு தனியாக வட்ஸ்அப்பில் பேச வேண்டும் என்று எப்போதாவது கேட்டால் மட்டும் அதை உடனே பெற்றோருக்குத் தெரியப்படுத்துங்கள்.

உதவியை வேறு முறையில் வாங்கலாம். மேடையேற்றத்தைத் தூரத்திலிருந்து எடுத்த ஒரு காணொளியை, பெற்றோர் எழுத்தில் சம்மதித்து, பிள்ளைகளும் சரியென்றால், பெயர்கள் இல்லாமல் அனுப்பலாம். பணம் கோயில் கமிட்டியின் கணக்குக்கு வரட்டும். வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி வாசிகசாலையில் தொங்கவிடுங்கள்; பணத்தைப் பற்றி நீங்கள் குறிப்பிட்ட முணுமுணுப்புக்கு அதுவே போதும்.

நீங்கள் விலக வேண்டுமா?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆனால் தனியாகத் தொடரவும் வேண்டாம். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒருவர் மட்டும் பார்ப்பது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பானதன்று. ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் மற்ற இருபத்தொரு பேரை யார் பார்ப்பது? ஒவ்வொரு வகுப்பிலும் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். கொழுந்து நிறுத்து முடித்து வரும் தாய்மாரில் நான்கைந்து பேரை முறைவைத்து அழையுங்கள்; உடை மாற்றும் மறைப்புக்குப் பொறுப்பாகவும் அவர்களே இருக்கட்டும். வகுப்பில் எவரும் பிள்ளைகளை அடிக்கவோ, கேலி செய்யவோ, தனியே அழைத்துப் போகவோ கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி, பெற்றோர், மாஸ்டர், நீங்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவரை ஒருமுறை சந்தித்து, இப்படியொரு வகுப்பு நடக்கிறது என்று தெரியப்படுத்தி வையுங்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்பம் நடப்பதாக உங்களுக்குத் தெரியவந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாசி முடிந்ததும், உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். களைத்திருந்தால் இரண்டு மாதம் ஓய்வெடுப்பதில் பிழையில்லை. அதற்கு வசதியாக, பதினெட்டு வயதைத் தாண்டிய உங்கள் பழைய மாணவியோ உயர்தரம் முடித்த இளைஞனோ ஒருவரை இப்போதே உங்களோடு சேர்த்துக்கொண்டு பழக்குங்கள். பாட்டுக் கொப்பியின் ஒரு பிரதியும், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் எழுதிய தாளும் அவரிடமும் இருக்கட்டும்.